தியேட்டருக்குள்ளே ரெண்டு பாட்டு

கொடைக்கானலில் தியேட்டருக்குப் போகிறோம் என்றதும் பாப்கார்ன் தேடாதீர்கள். நாம் எட்டிப் பார்க்கப் போவது ஆபரேஷன் தியேட்டர்! செருப்பு வெளியே, தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க். உஷ்... உள்ளே பாட்டு ஓடுகிறது. ஒன்றல்ல, ரெண்டு!

முதல் பாட்டைப் பாடுவது மெஷின். விரலைக் கவ்விய குட்டி கிளிப் ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்க, மானிட்டர் 'பீப் பீப்' என்கிறது. ஆக்சிஜன் குறையக் குறைய சுருதியும் இறங்கும். மயக்க மருத்துவர் திரும்பிப் பார்க்காமலே காதால் பிடித்துவிடுவார்! கொடைக்கானலோ 7,000 அடி உயரம். காற்றழுத்தம் கடற்கரையைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. அதனால் இங்கே ரத்தத்தில் ஆக்சிஜனும் கொஞ்சம் குறைவு; மெஷினின் கச்சேரியே ஒரு நூல் தாழ்ந்த சுருதியில்தான் தொடங்கும்.

ரெண்டாவது பாட்டு நோயாளிக்கு. ஸ்பீக்கரில் அலறவிட்டால் பீப் அமுங்கிப்போகும்; ஆகவே ஹெட்போன். மயங்கிக் கிடப்பவருக்கு எதற்குப் பாட்டு? டெல்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியும் லோக் நாயக் மருத்துவமனையும் பித்தப்பை அறுவைக்கு வந்த 56 பேரிடம் சோதித்தன. எல்லோர் காதிலும் ஹெட்போன். ஒரு குழுவுக்கு மட்டும் புல்லாங்குழல் அல்லது பியானோ. 2025-ல் முடிவு வந்தது: இசை கேட்டவர்களுக்கு ப்ரொபோஃபால் என்ற மயக்க மருந்து குறைவாகவே தேவைப்பட்டது, கண்விழித்ததும் அலட்டல் இல்லாமல்!

பென்சில்வேனியா பல்கலைக்கழகக்காரர்கள் 2019-ல் 157 பேரிடம், மரத்துப்போக ஊசி போடுமுன், மிடசோலம் மருந்தையும் 3 நிமிட இசையையும் மோதவிட்டார்கள். பதற்றம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு தணிந்தது. ஆனால் கூடுதல் திருப்தி மருந்துக் கட்சிக்கே. எல்லோருக்கும் ஒரே பாட்டு, நேயர் விருப்பம் கிடையாது. அதுதான் காரணமாக இருக்கும் என்று ஆய்வாளர்களே சந்தேகப்பட்டார்கள்.

கீழே பழநியில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களே! தோளில் காவடியோடு 693 படி ஏறுகிறவருக்குக் களைப்பை மறக்கடிப்பது அவரவர் நெஞ்சில் ஊறிய பாட்டுத்தானே?

ஆகவே, "என்ன பாட்டு போடட்டும்?" என்று சிஸ்டர் கேட்டால் முழிக்காதீர்கள், இப்போதே ஒன்றை முடிவுபண்ணி வையுங்கள். ப்ரொபோஃபால் ஏறி ஒரு நிமிடத்துக்குள் கண் சொக்கிவிடும். உங்களுக்குப் பல்லவி மட்டும்தான். சரணத்தை மூளை தனியாகக் கேட்டுக்கொள்ளும். பீப்பை டாக்டர் கேட்டுக்கொள்வார்!