மோட்டாரைத் தீயில் போட்டால் கரண்ட் பில் எகிறும்!

காயில் கருகிய மோட்டாரைப் பட்டறையில் கொடுக்கிறீர்களா? பழைய கம்பியை எப்படி உருவுகிறார்கள் என்று கொஞ்சம் நின்று பாருங்கள்.

சில பட்டறைகளில் ஸ்டேட்டரை அப்படியே தீயில் போட்டு விடுகிறார்கள். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் உள்ளே இருக்கும் 'கோட்டிங்' காலி!

கோட்டிங் எதற்கு?

மோட்டாரின் இரும்பு ஒரே கட்டி அல்ல. சுமார் அரை மில்லிமீட்டர் கனமுள்ள சிலிக்கான் எஃகுத் தகடுகளின் அடுக்கு. 'ஸ்டாம்பிங்' என்பார்கள். ஒவ்வொன்றின் மேலும் மைக்ரான் கணக்கில் மெல்லிய பிசின் பூச்சு. தகட்டுக்குத் தகடு மின்சாரம் தாவாமல் தடுக்கும் காவல்காரன் இதுதான். காவல் போனால் இரும்புக்குள்ளேயே மின்சாரம் சுழன்று வீணாகும். மோட்டார் கொதிக்கும், புதுக் காயிலும் சீக்கிரம் கருகும்.

அரை வோல்ட் பரீட்சை

தகடு தயாராகும்போதே 'பிராங்க்ளின்' சோதனை உண்டு. பூச்சின் மேல் 10 உலோக முனைகளை அழுத்தி அரை வோல்ட் கொடுப்பார்கள். மீட்டர் பூஜ்யம் காட்டினால் பாஸ். 1 ஆம்பியர் காட்டினால் பூச்சு இருந்தும் இல்லாத கதைதான்!

என்ன கேட்க வேண்டும்?

கம்பியை உருவ, சூட்டை அளந்து வைக்கும் அடுப்பு வேண்டும். ஸ்டேட்டரின் சூடு 370 டிகிரி செல்சியசைத் தாண்டக்கூடாது என்பது மோட்டார் ரிப்பேர் தொழிலின் சர்வதேச விதி. எரிப்பதற்கு முன்னும் பின்னும் 'கோர் லாஸ்' டெஸ்ட் செய்தால் குட்டு உடைந்துவிடும்.

"டெஸ்ட் செய்தாச்சா அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கூலியில் மிச்சம் பிடித்து, மாதாமாதம் பில்லில் கொட்டி அழ வேண்டாம்!