வாடிக்கையாளர் மாட்டிக்கொண்டார், உங்கள் பெயர் என்னாகும்?

வாடிக்கையாளரின் ஊழல் வெளியே வந்தால் அவருக்கு வேலை செய்துகொடுத்தவர் பெயரும் கெடும். எவ்வளவு கெடும் என்பது ஓரளவு நம் கையில்தான் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளத் தென்னாப்பிரிக்காவில் நடந்ததைப் பார்த்தால் போதும்.

உத்தரப் பிரதேசத்தின் சகாரன்பூரிலிருந்து அங்கே போன குப்தா சகோதரர்கள், அன்றைய அதிபர் ஜேக்கப் ஜூமாவின் நெருக்கத்தை வைத்து அரசையே வளைத்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு 2016, 2017இல் பெரிதாக வெடித்தது. அவர்களது ஓக்பே நிறுவனத்துக்காக லண்டனின் பெல் பாட்டிஞ்சர் விளம்பர வேலை பார்த்தது. மார்கரெட் தாட்சரின் தேர்தல் பிரசாரங்களுக்குப் பேர்போன டிம் பெல் தொடங்கிய மக்கள் தொடர்பு நிறுவனம் அது. பிறர் பெயரைக் காப்பாற்றுவதே அவர்கள் பிழைப்பு! அந்தப் பிரசாரம் இனப்பகையைத் தூண்டுகிறது என்று புகார் எழுந்தபோது முதலில் மறுத்தார்கள். 2017 ஏப்ரலில் வாடிக்கையாளரைக் கைவிட்டார்கள், ஜூலையில் மன்னிப்புக் கேட்டார்கள். செப்டம்பர் 4 அன்று பிரிட்டனின் மக்கள் தொடர்புத் தொழில் சங்கம் அவர்களை வெளியேற்றியது. செப்டம்பர் 12 அன்று நிறுவனம் திவால் நிர்வாகிகளிடம் போனது.

குப்தாக்களின் கணக்கைத் தணிக்கை செய்த கேபிஎம்ஜியும் அதே மாதம் அடிவாங்கியது. ஆனால் அதன் தென்னாப்பிரிக்கத் தலைமை மொத்தமாகப் பதவி விலகியது. குப்தா நிறுவனங்களிடம் பெற்ற 4 கோடி ராண்ட் கட்டணத்தைத் தொண்டு அமைப்புகளுக்குத் தருவதாக அறிவித்தது. வாடிக்கையாளர்கள் பலரை இழந்தாலும் நிறுவனம் பிழைத்துக்கொண்டது. பெல் பாட்டிஞ்சரிலும் பதவி விலகல் நடந்தது, ஆனால் இவர்கள் பணத்தாலும் வருந்தினார்கள். வேறுபாடு அதுதான் என்பது என் கணிப்பு.

நம் கடை இவ்வளவு பெரியதல்ல. ஆனாலும் சிக்கல் ஒன்றுதான். வாடிக்கையாளர் கைதானார் என்ற செய்தி வந்ததும் கை தானாக டெலீட் பொத்தானைத் தேடும். தொடாதீர்கள். கணக்கு மோசடியில் கவிழ்ந்த அமெரிக்க நிறுவனம் என்ரானின் கணக்கைத் தணிக்கை செய்த ஆர்தர் ஆண்டர்சன் ஆவணங்களைக் கிழித்துத் தள்ளியது. அதற்கான தண்டனைத் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005இல் ரத்து செய்தது உண்மை. ஆனால் அதற்குள் ஆண்டர்சன் ஏறக்குறைய அழிந்துபோயிருந்தது. மின்னஞ்சல், பில், ஒப்பந்தம் எல்லாம் அப்படியே இருக்கட்டும், வக்கீலைப் பாருங்கள். இணையதளத்தில் அவருடைய லோகோவையும் பாராட்டுரையையும் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் சத்தமில்லாமல் எடுத்தால் பழைய பக்கத்தை இணையக் காப்பகத்திலிருந்து எவராவது தோண்டி ஸ்கிரீன்ஷாட் போடுவார். எடுத்ததை நீங்களே சொல்லிவிடுங்கள்.

எங்கே சொல்வது? உங்கள் தளத்திலேயே, ஒரு பக்கத்தில், உங்கள் பெயரும் அவர் பெயரும் சேர்ந்து வரும்படி. இரண்டையும் சேர்த்துத் தேடுகிறவருக்கு ஊர்ப்பேச்சோடு உங்கள் வார்த்தையும் கிடைக்க வேண்டும். என்ன வேலை செய்தோம், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, இப்போது உறவு என்ன நிலையில் இருக்கிறது, சந்தேகம் இருந்தால் யாரை அழைக்கலாம். ஐந்தாறு வரி போதும். அவரைத் திட்ட வேண்டாம்: வழக்கு நடக்கும், தொழில் ரகசியம் காக்கும் கடமையும் சிலருக்கு உண்டு. உங்கள் பக்கம் தவறு இருந்தால் அதையும் அந்த வரிகளிலேயே எழுதுங்கள். பிறகு பத்திரிகை எழுதி வெளிவந்தால் இரட்டிப்பு அடி.

கூகுளில் ஒற்றை நட்சத்திர ரிவியூக்கள் குவியும். உங்களிடம் எதுவுமே வாங்காதவர்கள் போட்டதைப் புகாரளித்து நீக்கச் சொல்லலாம், நேரடி அனுபவம் இல்லாத மதிப்புரைக்கு அங்கே இடமில்லை. மற்றவற்றுக்கு ஒரே ஒரு பொறுமையான பதில். மைத்துனரையும் ஊழியரையும் விட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வது வெளியே தெரிந்தால் அதுவே இரண்டாவது செய்தியாகிவிடும்.

வக்கீல் நோட்டீஸை அவதூறுப் பொய்க்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் தன் கடற்கரை வீட்டின் படத்தை நீக்க 2003இல் வழக்குப் போட்டார். அதுவரை ஆறே முறை பதிவிறக்கப்பட்டிருந்த படத்தை அதன்பின் ஒரே மாதத்தில் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள்.

இன்னொன்று. “தேடலிலிருந்து செய்தியை அழித்துத் தருகிறோம்” என்று பணம் கேட்கும் ஏஜென்சிகள் இந்த நேரத்தில் கட்டாயம் தொலைபேசியில் வருவார்கள். உண்மைச் செய்தியைக் காசு கொடுத்து எவரும் கூகுளிலிருந்து எடுத்துவிட முடியாது. தேடல் முடிவுகளிலிருந்து தன்னைப் பற்றியதை நீக்கக் கோரும் ஐரோப்பாவின் மறக்கப்படும் உரிமைகூடத் தனி மனிதருக்குத்தான், நிறுவனத்துக்கு இல்லை. அந்தப் பணத்தை அவர்களிடம் கொடுக்காதீர்கள். அடுத்த ஒப்பந்தத்தில், வாடிக்கையாளர் மீது கடுமையான குற்றச்சாட்டு எழுந்தால் உடனே விலக உங்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு பிரிவு எழுதித்தர நல்ல வக்கீலுக்குக் கொடுங்கள்.