பொன்னிறமானால் வெந்துவிட்டதா? போர்க் சாப் சமைப்பவர்கள் அறிய வேண்டியவை

முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டி, காய்ந்த எண்ணெயில் போட்ட போர்க் சாப் சில நிமிடங்களிலேயே பொன்னிறமாகிவிடும். நிறம் மாறுவது மேலே ஒட்டியிருக்கும் தூள்தான். ஒரு அங்குலக் கனத்தில் உள்ளே இருக்கும் கறி அந்நேரத்துக்குள் முழுதாக வெந்திருக்காது. நிறத்தை நம்பி இறக்கினால் நடுப்பகுதி பச்சையாக நிற்கும். பயந்துபோய் மேலும் மேலும் வறுத்தால், கொழுப்பு குறைந்த முதுகுப் பகுதிக் கறி கட்டையாக இறுகிவிடும். சாறு வற்றாமலும் வேண்டும், ஆபத்து இல்லாமலும் வேண்டும் என்றால் கண்ணை விட்டுவிட்டு வெப்பமானியை நம்ப வேண்டும்.

அமெரிக்க வேளாண் துறை 2011 மே மாதத்தில், முழுத் துண்டாகச் சமைக்கும் பன்றிக் கறிக்கான பாதுகாப்பான வெப்பநிலையை 71 டிகிரி செல்சியஸிலிருந்து 63 டிகிரியாகக் குறைத்தது. இறக்கிய பிறகு 3 நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பது அதனுடன் சேர்ந்த நிபந்தனை. கொத்துக்கறிக்கு மட்டும் பழைய 71 டிகிரியே தொடர்கிறது. உள்ளே லேசான இளஞ்சிவப்பு இருந்தால் பரவாயில்லை என்று இன்றைய சமையல் காணொளிகள் சொல்வது இந்த மாற்றத்தை வைத்துத்தான். ஆனால் அந்த நாட்டில் கடைக்கு வரும் கறி, அடைத்து வளர்த்து, அரசு ஆய்வாளர் பார்த்து அனுப்பிய கறி. நம் ஊரில் வாங்கும் எல்லாக் கறிக்கும் அந்த உறுதி இல்லை.

எது ஆபத்து?

தெருவில் திரியும் பன்றி மனிதக் கழிவைத் தின்னும்போது, அதிலுள்ள நாடாப்புழு முட்டைகள் அதன் உடம்புக்குள் போகின்றன. அங்கே பொரிந்து, தசையில் சிறு நீர்க்கொப்புளங்களாகத் தங்குகின்றன. வெட்டிய கறியில் அரிசி மணியை ஒத்த வெண்ணிறக் கொப்புளங்கள் தெரிந்தால் அந்தக் கறியை வாங்கவே கூடாது. அரைவேக்காட்டில் அதைச் சாப்பிட்டவரின் குடலில் நாடாப்புழு வளரும்.

இதில் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் விஷயம் ஒன்று உண்டு. மூளையில் புழுக்கட்டி வருவது நேரடியாகக் கறியிலிருந்து அல்ல. குடலில் நாடாப்புழு உள்ளவரின் மலத்தில் முட்டைகள் வெளியேறுகின்றன. கழுவாத கை, அசுத்தமான தண்ணீர், சரியாக அலசாத கீரை வழியாக அவை இன்னொருவர் வயிற்றுக்குள்ளோ, அவருடைய வயிற்றுக்குள்ளேயோ போகும்போதுதான் கட்டி உருவாகிறது. அதனால் பன்றிக் கறியைத் தொடாத சைவ உணவுக்காரருக்கும் இது வரும். 2006-ல் வெளியான வேலூர் ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுக்கட்டியே காரணமாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2010-ல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

அடுப்படியில் செய்ய வேண்டியது

ஒரு அங்குலத்துக்குக் குறையாத கனத்தில் துண்டு கேட்டு வாங்க வேண்டும். மெல்லிய துண்டு எப்படிச் செய்தாலும் காய்ந்துவிடும். ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து, கறியை அதில் மூழ்கவிட்டு ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்தால், உப்பு உள்ளே இறங்கித் தசை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பிறகு ஈரம் போக நன்றாக ஒற்றி எடுத்து, மைதா, முட்டை, ரஸ்க் தூள் என்ற வரிசையில் புரட்ட வேண்டும். ஈரம் இருந்தால் தூள் எண்ணெயில் உதிரும்.

மிதமான தீயில் இருபுறமும் பொன்னிறமானதும் வெப்பமானியின் முனையைத் துண்டின் பக்கவாட்டிலிருந்து நடுவரை செருகிப் பார்க்க வேண்டும். முனை எலும்பில் பட்டால் அளவு தவறும். ஆய்வுக்குட்பட்ட கறி என்று உறுதியாகத் தெரிந்தால் 63 டிகிரி, அதன்பின் 3 நிமிடம். கறி எங்கே வெட்டப்பட்டது என்று தெரியாவிட்டால் பழைய 71 டிகிரியைக் கடைப்பிடிப்பது நல்லது. உப்பு நீரில் ஊறிய துண்டு அந்தச் சூட்டிலும் மெத்தென்று இருக்கும். மேல்தோல் சிவந்தும் உள்ளே சூடு ஏறவில்லை என்றால் 180 டிகிரி ஓவனுக்கு மாற்றினால் போதும், தோல் கருகாது.

மிஞ்சிய முட்டையும் தூளும் பச்சைக் கறி பட்டவை. அவற்றை எடுத்துவைத்து மறுநாள் ஆம்லெட்டிலோ கட்லெட்டிலோ சேர்க்கக் கூடாது. பச்சைக் கறி வைத்த தட்டில் வறுத்த துண்டை வைப்பதும் அதே தவறுதான்.

கடையில் கேட்கும் உரிமை

இறைச்சிக் கடைக்கு, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் உரிமமோ பதிவோ கட்டாயம். அதன் 14 இலக்க எண் கடையில் தெரியும்படி இருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் ரசீதிலும் அச்சிட வேண்டும். கறி எந்த வதைக்கூடத்திலிருந்து வந்தது, கால்நடை மருத்துவர் பார்த்தாரா என்று கேட்டால் கடைக்காரர் கோபப்பட வேண்டியதில்லை; காசு கொடுப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய விவரம் அது.

சந்தேகம் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-இன் 40-ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். பரிசோதனைக்குக் கொடுக்கப் போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவித்துவிட வேண்டும். உணவு சட்டத்துக்கு உட்பட்டதாக இல்லை என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

உடம்புக்கு வந்துவிட்டால்

மலத்தில் வெள்ளை நாடாத் துணுக்குகள் தெரிந்தால் மருந்துக்கடையில் தாமாகவே பூச்சி மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. மூளையில் ஏற்கெனவே கட்டி இருந்தால் சில மாத்திரைகள் வீக்கத்தையும் வலிப்பையும் கிளப்பிவிடும். மருத்துவர் சொன்ன பிறகே எடுக்க வேண்டும். வலிப்பு வந்தவரின் கையில் இரும்பைத் திணிப்பதும், பல்லிடுக்கில் கரண்டியை வைப்பதும் பயன் தராது, காயம்தான் மிஞ்சும். பக்கவாட்டில் படுக்க வைத்து, 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும். முதல் முறை வலிப்பு வந்தவருக்கு மூளை ஸ்கேன் தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

கெட்ட உணவால் பாதிப்பு நேர்ந்தது நிரூபணமானால், அதே சட்டத்தின் 65-ஆம் பிரிவு இழப்பீட்டுக்கு வழி செய்கிறது: உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை. முதலில் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம்; 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ரசீது, கறியின் புகைப்படம், மருத்துவர் சீட்டு, மிச்சக் கறி இருந்தால் ஃப்ரீசரில் மூடி வைத்த ஒரு துண்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும்.