கொழுந்து கிள்ளும் கை

டீயை ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸைக் கீழே வையுங்கள். வலது முன்கையை, முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, இடது கையால் சுற்றிப் பிடியுங்கள். இப்போது வலது கை விரல்களை மடக்கி நீட்டுங்கள். தோலுக்கடியில் ஏதோ புரள்கிறதல்லவா? விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டிப் போய் விரலெலும்புகளை இழுக்கின்றன.

கைத் தசைகளைப் படிக்கும் பிள்ளைகள் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்து திணறுகிறார்கள். ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு போனால் பெயர்கள் தானாக மனதில் நிற்கும். மூணாறு, தேவிகுளம் மலைகளில் தலைமுறைகளாகத் தமிழ்ப் பெண்கள் செய்துவரும் தேயிலைக் கொழுந்தெடுப்பையே பார்ப்போம்.

செடியின் மேல்மட்டத்துக்குக் கையைத் தூக்குவது தோளிலுள்ள டெல்டாய்டு. முழங்கையை நீட்டுவது மேற்கையின் பின்புறத்து டிரைசெப்ஸ். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ள, முன்கையின் உட்புறத் தசைகளும் கட்டைவிரல் மேட்டிலுள்ள சிறு தசைகளும் சேர்ந்து உழைக்கின்றன. கிள்ளியதைப் பையில் போட முழங்கை மடங்க வேண்டும். உடனே பைசெப்ஸ் என்போம். ஆனால் அதன் அடியில் மறைந்திருக்கும் பிரேக்கியாலிஸ்தான் முழங்கையை மடக்குவதில் முதன்மையானது. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவது பைசெப்ஸின் இன்னொரு முக்கிய வேலை.

இனி, பலர் கவனிக்காத இடம். மணிக்கட்டை உட்பக்கமாக நன்றாக மடக்கிக்கொண்டு முஷ்டி பிடித்துப் பாருங்கள். பிடியில் பலம் இருக்காது. பிடி நிற்க வேண்டுமென்றால் மணிக்கட்டு நிமிர்ந்திருக்க வேண்டும். அதை நிமிர்த்தி வைப்பவை முன்கையின் பின்புறத் தசைகள். அவற்றில் பல, முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் ஒரே இடத்திலிருந்து தொடங்குகின்றன. அழுத்திப் பிடிக்கும்போதெல்லாம் அந்த இடம் இழுபடும். நாள் முழுக்க, வருடக்கணக்கில் இழுபட்டால் தசைநாண் நலிந்து வலிக்கும். மருத்துவர்கள் 'டென்னிஸ் எல்போ' என்பது இதைத்தான். டென்னிஸ் மட்டையையே தொடாதவர்களுக்கும், கொழுந்து கிள்ளுகிறவர்களுக்கும் கத்தரி பிடிக்கிறவர்களுக்கும் இது வரலாம்.

2015 செப்டம்பரில் கொழுந்தெடுக்கும் இந்தப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டு, 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறில் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். தங்கள் கையுழைப்பின் மதிப்பு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தோட்டத்து அக்கா ஒருவர் முழங்கை வலிக்கிறது என்றால், வயசாயிடுச்சு என்று தட்டிக்கழிக்காதீர்கள். அது வேலை தந்த வலி. அந்தக் கைக்கு ஓய்வும் சிகிச்சையும் கிடைக்கச் செய்யுங்கள்.