கராஜ் சாமான் கணக்குக்கு எந்த சொப்ட்வெயார்?



நமது பிள்ளைகள் பலர் இப்போது ரோட்டோரத்தில் கராஜ், தச்சுப் பட்டறை, தையல் கடை என்று சிறு தொழில்களை ஆரம்பித்திருக்கிறார்கள். சந்தோஷமான விஷயம். ஆனால் வேலை தெரிந்த அளவுக்குச் சாமான் கணக்கு தெரிவதில்லை. "கொம்பியூட்டர்ல போட்டா சரியாயிரும்தானே சார், எந்த சொப்ட்வெயார் நல்லது?" என்று எங்களிடம் வந்து கேட்கிறார்கள்.

நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். எங்களுக்குத் தெரிந்த ஒரு த்ரீவீல் கராஜ். லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் வளர்ந்த, அண்ணன் தம்பி முறையான இரண்டு பேர் சீட்டுக் காசு போட்டுத் தொடங்கியது. வருடக் கட்டணத்துக்கு ஒரு சொப்ட்வெயார் வாங்கினார்கள். பில் அடிக்கும், பார்கோட் வாசிக்கும். மூன்று மாதத்தில் பிரேக் லைனர் 7 செட் குறைந்தது. சின்னவர் வெளியே விற்றுவிட்டார் என்று பெரியவருக்குச் சந்தேகம். பேச்சு நின்றது. பீலிக்கரையில் வீட்டுப் பெண்களும் முகம் பார்க்கவில்லை.

நாங்கள் போய் உட்கார்ந்து பில் கட்டை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். சாமான் வரும்போது பெரியவர் 'பிரேக் லைனர்' என்று பதிந்திருந்தார். வண்டிக்குப் போடும்போது சின்னவர் 'பிரேக் ஷூ' என்று பதிந்திருந்தார். கொம்பியூட்டருக்கு அது இரண்டு சாமான். ஒன்றில் 9 செட் மிச்சம், மற்றதில் 7 செட் மைனஸ். இராக்கையில் இருந்ததோ 2 செட். கணக்கு நேர்தான். களவு ஒன்றும் இல்லை.

ஆகவே எதை வாங்குமுன்னும் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரே பெயர் வையுங்கள். பெட்டியில் அச்சடித்த பார்ட் நம்பரையும் சேர்த்து எழுதி, இராக்கையில் ஒட்டுங்கள். அளவும் அப்படியே. ஒயிலைக் கேனாக வாங்கி லீட்டராக ஊற்றுகிறோம். வரவில் '1' கேன், செலவில் '1' லீட்டர் என்று போட்டால், முதல் லீட்டரோடு கணக்கில் ஒயில் முடிந்துவிடும். 4 லீட்டர் கேன் என்றால் மிச்சம் 3 லீட்டர் கணக்கில் இல்லாமல் கிடக்கும். வரவையும் லீட்டரிலேயே எழுத வேண்டும்.

தோட்ட ஸ்டோரில் பின் கார்ட் பார்த்திருப்பீர்கள். திகதி, வந்தது, கொடுத்தது, மிச்சம், அவ்வளவுதான். சொப்ட்வெயார் செய்வதும் அதே வேலை. ஐம்பது அறுபது வகைச் சாமான் உள்ள கராஜுக்கு எக்செல், இல்லையென்றால் லிப்ரே ஒபிஸ் கல்க் தாராளம். லிப்ரே ஒபிஸுக்குப் பணம் கட்டத் தேவையில்லை, இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். இரண்டு பேர் இரண்டு போனில் பதிவதென்றால் கூகுள் ஷீட்ஸ் வசதி. ஆனால் நம் மலைப் பக்கம் சிக்னல் எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஒப்லைன் வசதியை முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும்.

காசு கட்டி வாங்குவதென்றால் விற்பவரிடம் ஒன்றை விடாமல் கேளுங்கள்: அடுத்த வருடம் கட்டணம் கட்டாவிட்டால் எங்கள் கணக்கை எக்செல் பைலாகவோ சிஎஸ்வி பைலாகவோ வெளியே எடுக்கலாமா? வாய்ப்பேச்சு போதாது, எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒயில் கையோடு நிற்கிறவர் அரை நிமிடத்தில் பதிய முடிகிறதா என்றும் பாருங்கள். முடியாவிட்டால் இரண்டு நாளில் பதிவதை விட்டுவிடுவார்.

கொப்பியையும் தூக்கிப் போட வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது மறக்கவில்லைதானே?

எப்போது ஓடர் பண்ணுவது? வாரத்துக்கு 4 செட் லைனர் போகிறது, கண்டியில் சொல்லி வந்து சேர ஒரு வாரம் ஆகிறது என்றால், அந்த 4-உம் கைக்காவலுக்கு 2-உம் சேர்த்து 6. மிச்சம் 6-க்கு இறங்கியதும் சொல்லிவிடுங்கள். சனிக்கிழமைகளில் ஐந்து சாமானை மட்டும் கையால் எண்ணித் தாளோடு ஒப்பிடுங்கள். மைனஸ் காட்டினால் யாரையும் கேட்குமுன் பெயரைப் பாருங்கள்.

அந்த இருவரும் இப்போது கல்க் தாளில்தான் எழுதுகிறார்கள். 'லைனர்' என்ற பெயரே நிலைத்தது, வண்டிக்காரர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். அந்த மாதிரித் தாள் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. பென் டிரைவ் கொண்டு வந்தால் இலவசமாகப் போட்டுத் தருவோம். வருமுன் இருக்கும் சாமானை எண்ணி எழுதிக் கொண்டு வாருங்கள். எண்ணாமல் வந்தால் திருப்பி அனுப்புவோம், கோபிக்க வேண்டாம்.