பாகுப் பதமும் அசைக்ளோவிர் ஊசியும்: எப்படி இயங்குகிறது?

சர்க்கரைப் பாகு காய்ச்சிப் பழகியவர்களுக்கு ஒரு கணக்கு கைவந்திருக்கும். தண்ணீர் தாராளமாக இருக்கும்வரை சர்க்கரை கண்ணுக்கே தெரியாது. நீர் வற்ற வற்றப் பாத்திரத்தின் விளிம்பில் வெள்ளையாகப் பூக்கத் தொடங்கும். மிஞ்சிய கெட்டிப் பாகை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் அடியில் படிகமாக உறைந்திருக்கும். போட்ட சர்க்கரை அதேதான். நீர் குறைந்தது, அல்லது சூடு குறைந்தது. அதனால் கரைந்திருந்தது வெளியே வந்துவிட்டது.

அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை ரத்தநாளம் வழியாக ஏற்றும்போது மருத்துவமனையில் கடைப்பிடிக்கும் விதிகளில் பெரும்பாலானவை இந்தப் பாகுக் கணக்கிலிருந்தே வருகின்றன. உடல் சூட்டில் ஒரு மில்லிலிட்டர் தண்ணீரில் இந்த மருந்து ஏறத்தாழ 2.5 மில்லிகிராம்தான் கரையும். கரைந்திருக்கும்வரை அது உயிர் காக்கும். படிகமாகிவிட்டால் சிறுநீரகக் குழாய்களை அடைக்கும்.

யாருக்கு ஊசி தேவை?

உதட்டில் வரும் ஹெர்பிஸ் கொப்புளம், சின்னம்மை, அக்கி எல்லாமே ஒரே வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. பெரும்பாலோருக்கு மாத்திரையே போதும். பலருக்கு அதுகூடத் தேவைப்படாது. ஆனால் விழுங்கிய அசைக்ளோவிரில் 10 முதல் 20 சதவீதம்தான் ரத்தத்தில் சேர்கிறது. வைரஸ் மூளையைத் தாக்கியிருந்தால் இந்த அளவு போதாது. பிறந்த குழந்தைக்கு ஹெர்பிஸ் தொற்று வந்தாலும், புற்றுநோய் சிகிச்சையாலோ உறுப்பு மாற்றத்தாலோ எதிர்ப்பு சக்தி குன்றியவருக்குத் தொற்று கடுமையானாலும் ஊசிதான் வழி.

ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சலுக்கு மருந்தே இல்லாத காலத்தில் பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் இறந்தார்கள். 1986-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், அதற்கு முன்பு புழக்கத்தில் இருந்த விடராபின் மருந்து பெற்றவர்களில் 54 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். அசைக்ளோவிர் பெற்றவர்களில் அது 28 சதவீதம். சீக்கிரம் தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்பதால்தான், முதுகுத் தண்டிலிருந்து எடுத்த நீரின் பிசிஆர் சோதனை முடிவுக்குக் காத்திராமல், சந்தேகம் வந்ததுமே மருத்துவர்கள் மருந்தை ஏற்றத் தொடங்குகிறார்கள்.

வைரஸை எங்கே பிடிக்கிறது?

டிஎன்ஏ கட்டப் பயன்படும் குவானோசின் என்ற மூலக்கூறைப் போன்ற தோற்றம் கொண்டது அசைக்ளோவிர். ஆனால் உள்ளே போகும்போது அது வேலை செய்யாத நிலையில் இருக்கிறது. வேலை செய்ய அதனுடன் மூன்று பாஸ்பேட்டுகள் சேர வேண்டும். முதல் பாஸ்பேட்டைச் சேர்ப்பது வைரஸுக்கே சொந்தமான தைமிடின் கைனேஸ் என்ற நொதி. மற்ற இரண்டையும் நம் செல்லின் நொதிகள் சேர்க்கின்றன. இப்படித் தயாரான மருந்து, நகலெடுக்கப்படும் வைரஸ் டிஎன்ஏவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த அலகு பிணையத் தேவையான இடம் அதில் இல்லை. சங்கிலி அங்கேயே நின்றுவிடும்.

வைரஸின் நொதி இருக்கும் செல்லில்தான் மருந்து பெருமளவு உயிர்பெறுகிறது; தொற்றில்லாத செல்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் கெர்ட்ரூட் எலியனின் குழு இந்த வழிமுறையை 1977-இல் விளக்கியது. மருந்தாக்க ஆய்வுகளுக்காக எலியன் 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: பெருகும் வைரஸைத்தான் இந்த மருந்து தடுக்கும். நரம்பு முடிச்சுகளில் உறங்கும் வைரஸை அது அழிக்காது.

குப்பியிலிருந்து பைக்கு

குப்பியில் இருப்பது அசைக்ளோவிரின் சோடியம் உப்புப் பொடி. 500 மில்லிகிராம் பொடியை 10 மில்லிலிட்டர் ஊசிக்குரிய சுத்த நீரில் கரைப்பார்கள். கரைசலின் காரத்தன்மை பிஎச் 11 அளவுக்கு இருக்கும். அந்தக் காரம்தான் இவ்வளவு மருந்தையும் கரைத்து வைத்திருக்கிறது.

இந்த இடத்தில் பாகும் மருந்தும் பிரிகின்றன. பாகு படிகமாகாமல் இருக்க நாம் எலுமிச்சைச் சாறு பிழிகிறோம். அந்தப் புளிப்பு சர்க்கரையை உடைத்துப் படிகத்தைத் தடுக்கும். அசைக்ளோவிருக்கு நேர் எதிர். காரம் குறையக் குறைய அது கரைசலிலிருந்து வெளியே வரப் பார்க்கும். ஆகவே கண்டதையும் அதோடு கலக்கக் கூடாது. பாரபென் போன்ற பதப்படுத்திகள் சேர்ந்த நீரில் கரைத்தால் மருந்து திரிந்து படியும். ரத்தப் பொருட்களோடும் புரதக் கரைசல்களோடும் இதைச் சேர்ப்பதில்லை.

கரைத்ததை அப்படியே ஏற்றவும் கூடாது. மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற அந்தச் செறிவை சலைனில் கலந்து 7 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். 5-ஐத் தாண்டாமல் வைப்பவர்களும் உண்டு. 60 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரு வேளைக்கு 600 மில்லிகிராம். 100 மில்லிலிட்டர் சலைன் பையில் கலந்தால் செறிவு 6-க்குள் நிற்கும். 50 மில்லிலிட்டர் பை போதாது.

ஃபிரிட்ஜில் வைப்பது பாகுக்குப் போலவே இதற்கும் ஆகாது. குளிரில் படிகம் வரும். கரைத்த குப்பியை அறைச் சூட்டில் வைத்து 12 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். பையில் கலங்கலோ துகளோ தெரிந்தால் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.

ஒரு மணி நேரம் ஏன்?

ரத்தத்தில் சேர்ந்த மருந்தின் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் செய்வதும் நீரை வற்றவைக்கும் வேலைதான். வடிகட்டிய திரவத்தில் பெரும்பங்கு நீரை அதன் குழாய்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. எஞ்சிய கொஞ்ச நீரில் மருந்து செறிவாகிறது. ஒரே நேரத்தில் நிறைய மருந்து வந்து, நீரும் குறைவாக இருந்தால், விளிம்பில் சர்க்கரை பூப்பதுபோல் குழாய்களுக்குள் ஊசிமுனைப் படிகங்கள் படியும்.

அதைத் தடுக்கவே ஒவ்வொரு வேளை மருந்தையும் குறைந்தது ஒரு மணி நேரம் சீராக ஏற்றுகிறார்கள். சிரிஞ்சில் ஒரே தள்ளாகப் போடுவதில்லை. தசையிலோ தோலுக்கடியிலோ போடுவதும் இல்லை. மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் டிரிப் செட் என்றால், மேலே சொன்ன பை நிமிடத்துக்கு 35 சொட்டு வாக்கில் இறங்கும். "சீக்கிரம் முடியட்டும்" என்று உடன் இருப்பவர் சக்கரத்தைத் திருகிவிடுவது நோயாளிக்கு ஆபத்து. சொட்டு வேகத்தைச் செவிலியரைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது.

தண்ணீரும் கிரியேட்டினினும்

மருந்தோடு போதிய திரவமும் உடலுக்குள் போக வேண்டும். வாந்தி, காய்ச்சலால் வறண்டிருப்பவருக்கு அதை முதலில் சரிசெய்வார்கள். இதயம் பலவீனமானவருக்கும், மூளை வீங்கியவருக்கும் எவ்வளவு திரவம் என்பதை மருத்துவரே முடிவு செய்வார். நாமாகக் கூட்டக் கூடாது. பிரியும் சிறுநீரை அளந்து குறித்துவைப்பது இந்தச் சிகிச்சையின் பாதிக் காவல்.

சிறுநீரகம் நன்றாக இருந்தால் ரத்தத்திலுள்ள மருந்து பாதியாகக் குறைய சுமார் மூன்று மணி நேரம் ஆகும். சிறுநீரே பிரியாதவருக்கு அது சுமார் 20 மணி நேரம். எனவேதான் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினை ரத்தத்தில் திரும்பத் திரும்பச் சோதித்து, தேவைப்பட்டால் வழக்கமான எட்டு மணி நேரத்துக்கொரு முறை என்பதை 12 அல்லது 24 மணி நேரத்துக்கொரு முறையாக மாற்றுகிறார்கள். மிகவும் பருமனானவருக்கு உயரத்துக்கேற்ற எடையைக் கொண்டு அளவு கணக்கிடுவது வழக்கம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளும் கூடச் சேர்ந்தால் சிறுநீரகத்தின் சுமை ஏறும்.

விலா ஓரத்தில் வலி, குமட்டல், சிறுநீர் குறைதல் ஆகியவை முதல் எச்சரிக்கைகள். முதியவர் திடீரெனக் குழம்பினாலோ, கை நடுங்கினாலோ, இல்லாததைக் கண்டதாகச் சொன்னாலோ "நோய்தான் முற்றுகிறது" என்று நாமே முடிவுகட்டிவிடக் கூடாது. மருந்து ரத்தத்தில் தேங்கினாலும் இதே அறிகுறிகள் வரும். அன்றே கிரியேட்டினின் பார்க்க வேண்டும். கையில் ஊசி செருகிய இடம் எரிந்தாலோ வீங்கினாலோ உடனே கூப்பிட வேண்டும். காரக் கரைசல் ரத்தநாளத்துக்கு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கும்.

வீட்டார் செய்ய வேண்டியது

காய்ச்சலோடு பேச்சுக் குழறினால், நடத்தை மாறினால், வலிப்பு வந்தால், அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். சேரும்போதே நோயாளியின் எடை, சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற மூன்றையும் சொல்லிவிடுங்கள். மூளைக்காய்ச்சலுக்கு இந்த ஊசி 14 முதல் 21 நாள் தொடரும். சில நாட்களிலேயே நோயாளி எழுந்து உட்கார்ந்து பேசக்கூடும். "மாத்திரை எழுதிக் கொடுங்கள், வீட்டுக்குப் போகிறோம்" என்று கேட்கத் தோன்றும். தயவுசெய்து கேட்காதீர்கள். படிகத்தால் வரும் சிறுநீரகக் கோளாறை நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வைரஸ் சிதைத்த மூளைப் பகுதி முன்போல ஆவது அரிது. அதனால் இந்த மருந்தைக் கண்டு பயந்து தள்ளிப்போட வேண்டாம். நேரத்தோடு தொடங்கி, நீரோடு ஏற்றி, சொன்ன நாள்வரை முடியுங்கள்.