ஜீரோ வாட் பல்பும் ஜீரோ இல்லை

வீட்டு விளக்குக்கு என்ன பெரிசா கரண்ட் ஆகிடப் போகுதுன்னு நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். கூடத்தில் 9 வாட் எல்.இ.டி. தினமும் 6 மணி நேரம் எரிந்தால், ரீடிங் எடுக்கும் இரண்டு மாதத்துக்கு 3.24 யூனிட்தான். படுக்கையறையில் பழைய 'ஜீரோ வாட்' பல்பு இருக்கா? பேருதான் ஜீரோ, 15 வாட் வரை இழுக்கும். ராத்திரி 10 மணி நேரம் எரிந்தால் 9 யூனிட்!

மாட்டுக் கொட்டகையில் 60 வாட் குண்டு பல்பு 12 மணி நேரம் எரிஞ்சா 43 யூனிட். 9 வாட் எல்.இ.டி. மாட்டினால் ஆறரை. தேவைக்கு மட்டும், தினம் ஒரு மணி நேரம் போட்டால் அரை யூனிட் சொச்சம்தான். ஆக, பல்பை மாத்தினா மட்டும் போதாது, சுவிட்சையும் அணைக்கணும்.

இன்னொரு நட்டம் எந்த பில்லிலும் வராது. விடிய விடிய எரியும் விளக்கில் நன்மை செய்யும் பூச்சிகளும் விழுந்து சாகும். அதனால்தான் வயலில் வைக்கும் விளக்குப் பொறியையே முன்னிரவோடு அணைக்கிறோம். வாசல் விளக்கு மட்டும் எதற்கு விடியும் வரை?

இன்று படுக்கும் முன் வீட்டை ஒரு சுற்று சுற்றி, எரியும் விளக்குகளை எண்ணிப் பாருங்க.